முதல் பரிசு பெற்ற குடல்

கொல்லிமலைத் தேவனூர் நாட்டுக் கோகிலாவின் குடலைப் பார்க்காதவர்கள் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் யாருமே இல்லை. டாக்டர்கள் பார்த்தார்கள். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். லிஃப்ட் இயக்குகிற ஆள் பார்த்தார். கடைசியில் அது ஆறடிக்கு நான்கடி ஃபிளெக்ஸ் பேனராக வாசலில் தொங்கியபோது, எதிர்க்கடையில் டீ குடிக்க வந்தவர்களும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். இத்தனை பேர் பார்த்தும் அதிலிருந்த நோய் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

கோகிலாவுக்கு முப்பத்துமூன்று வயது. மலையில் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, சாமை போட ஒரு மேட்டுக் காடு. கணவன் தமிழ்செல்வன் அதிகம் பேசாதவன். ஏழாவது படிக்கும் ஒரு மகள். மாதத்தில் மூன்று நாள் கோகிலாவுக்கு உயிர் போய்த் திரும்பி வரும். தீட்டு வலி எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வலிதான். இது அதோடு நிற்கவில்லை. அந்த நாட்களில் வெளிக்குப் போக உட்கார்ந்தால், அடிவயிற்றுக்குள் யாரோ அரிவாளைச் செருகித் திருப்புவது போல இருக்கும். பத்து வருஷத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஒருவர் வாயு என்றார். ஒருவர் மனசுதான் காரணம் என்றார். மூன்றாமவர் நிமிர்ந்தே பார்க்காமல், இன்னொரு பிள்ளை பெற்றுக்கொண்டால் சரியாகிவிடும் என்று எழுதிக் கொடுத்தார்.

பெண்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த டாக்டர் அனுராதாதான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வெளிக்குப் போகும்போது வலிக்குதா? தீட்டு நாள்ல மட்டும் ரொம்ப அதிகமா?"

"ஆமாங்க" என்று சொன்ன கோகிலா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பத்து வருஷமாக அந்தக் கேள்விக்குத்தான் அவள் காத்திருந்தாள்.

"கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒண்ணு வெளிய வளர்ந்து, குடலோட வெளிப்பக்கம் ஒட்டிக்கிட்டிருக்குன்னு நினைக்கிறேன்" என்றாள் அனுராதா. "அது அப்படியே குடல் சுவரை இறுக்கிக்கிட்டே போகும். விட்டா ஒருநாள் குடலே அடைச்சுக்கும். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். ஆனா எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம்னு முன்னாடியே எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்கணும். பார்த்தாத்தான் சுரண்டி எடுக்கலாமா, குடல்ல ஒரு துண்டை வெட்டணுமான்னு தெரியும்."

"படந்தானுங்களே, எடுத்துக்குங்க."

"அதுக்கு ஒரு குழு இருக்கும்மா" என்றபோது அனுராதாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

குழுவைப் பற்றி நியாயமாகவே சொல்லிவிடுவோம். முன்பு எப்போதோ அந்த ஆஸ்பத்திரியில் படம் எடுக்காமல் ஒரு வயிற்றைத் திறந்துவிட்டு, திறந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அதனால் படம் இல்லாமல் கத்தி இல்லை என்று ஒரு விதி போட்டார்கள். நல்ல விதி. நல்ல விதியைச் சும்மா விட்டுவிட முடியுமா? அதைக் காப்பாற்றக் குடல் முன்படக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். குழுவுக்கு ஏசி அறை வந்தது. முத்திரை வந்தது. முத்திரையில் குடல் வட்டமாகச் சுருண்டிருக்க, நடுவில் குத்துவிளக்கு எரிந்தது. தலைவராக டாக்டர் முருகானந்தம் வந்தார், உதவியாளராக ராசாமணி வந்தார். நோயாளிகள் மட்டும்தான் கொஞ்சம் தாமதமாக வந்தார்கள், ஏனென்றால் குழு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறைதான் கூடும்.

எம்.ஆர்.ஐ. கேட்டால் உடனே கிடைக்காது. முதலில் குழாய் விட்டுக் குடலை உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே நோய் தெரிந்தால்தான் எம்.ஆர்.ஐ. ராசாமணி கோகிலாவிடம் ஒரு தாளைக் கொடுத்தார். மூன்று நாள் வெள்ளைச் சோறும் மோரும் மட்டும். சாமை, கேழ்வரகு, கீரை, கொட்டையுள்ள பழம் கூடாது. பேதிப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பாதியை முதல்நாள் சாயங்காலமும், மீதியை விடியற்காலை நான்கு மணிக்கும் குடிக்க வேண்டும். ஒன்பதாவது விதி: மருந்து குடித்தபின் நான்கு மணி நேரம் கழிவறையை விட்டு நகரக் கூடாது. பத்தாவது விதி: காலை எட்டு மணிக்குக் குழு அறையில் ஆஜராக வேண்டும்.

"ஏனுங்க, எங்கூரு பஸ்சு அஞ்சு மணிக்குங்களே" என்றாள் கோகிலா. "எழுவது வளைவு எறங்கி வாரணும். கக்கூசை விட்டு நகராம நான் எப்படீங்க வாரது?"

ராசாமணி தாளை வாங்கி ஒன்பதையும் பத்தையும் மறுபடி படித்தார். "ரெண்டும் தனித்தனி விதிம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பயணத்தை விவரமாகச் சொல்வது அவளுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. ஆனாலும் எண்களைச் சொல்லிவிடலாம், வளைவுகளுக்கு அரசாங்கமே பலகை நட்டு எண் போட்டிருக்கிறது. அறுபத்தாறு, ஐம்பத்தெட்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்தொன்று, பத்தொன்பது, ஒன்பது. ஒவ்வொன்றிலும் கண்டக்டர் முரளி விசில் ஊதினான். "ஆம்பளைங்க எல்லாம் பள்ளத்துப் பக்கம் பாருங்க சாமி" என்றான். பலாக்காய் மூட்டையோடு வந்தவர்களும் காலேஜ் பிள்ளைகளும் வாயைத் திறக்காமல் பள்ளத்தைப் பார்த்தார்கள். தமிழ்செல்வன் தன் வேட்டியை அவிழ்த்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, அண்டர்வேரோடு ரோட்டோரம் நின்றான். அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது கோகிலாவுக்குள் ஒன்றுமே இல்லை, வெட்கம் உட்பட.

குழாயை உள்ளே விட்டார் முருகானந்தம். இருபது வருஷமாக ஊர்க் குடல்களுக்குள் பார்த்து நொந்துபோன மனிதர் அவர். முதல்நாள் புரோட்டா தின்றுவிட்டு, தின்னவில்லை என்று சத்தியம் செய்கிறவர்கள்தான் அவருக்கு வாய்த்த நோயாளிகள். திரையில் கோகிலாவின் குடல் தெரிந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டார். "பாருங்க, என்ன சுத்தம்! மலைக் காத்து, தினைச் சோறு! இருபது வருஷத்துல இப்படி ஒரு குடலை நான் பார்த்ததில்லை."

பக்கவாட்டில் படுத்துக்கிடந்த கோகிலா, "சாமி, வலிக்குதுங்க" என்றாள்.

"வலிக்கும்மா. ஆனா சுத்தமா இருக்கு" என்றார் அவர்.

அறிக்கை வந்தது. குடல் உட்புறம்: மிகச் சுத்தம். நோய்: இல்லை. எம்.ஆர்.ஐ.: தேவையில்லை.

டாக்டர் அனுராதா அந்த அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கோகிலாவையும் கூட்டிக்கொண்டு குழுவின் அடுத்த கூட்டத்துக்கே போனாள். நாற்பத்தைந்து நாள் கழித்து, அதாவது கோகிலா இன்னும் ஒரு தடவை சுருண்டு படுத்து எழுந்த பிறகு.

"சார், இந்த நோய் குடலுக்கு வெளிப்பக்கத்துலேர்ந்து வருது. குழாய் உட்பக்கத்தைத்தான் காட்டும். நோய் கொடுமையா இருந்தாலும் உள்ள சுத்தமாத்தான் தெரியும். அதனாலதான் எம்.ஆர்.ஐ. கேக்கறேன்."

முருகானந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டரம்மா, இது குடல் குழு. குடலுக்குள்ளே இருப்பது எங்கள் பொறுப்பு. வெளியே இருப்பது பெண்கள் பிரிவின் பொறுப்பு. அடுத்தவர் எல்லையில் மூக்கை நுழைக்கும் பழக்கம் இந்தக் குழுவுக்குக் கிடையாது."

"அது குடல் சுவர்லயே இருக்கு சார்."

சுவர் யாருக்குச் சொந்தம் என்பதை அதுவரை யாரும் யோசித்திருக்கவில்லை. ஒரு உறுப்பினர் சுவரின் கனம் எவ்வளவு என்று கேட்டார். மூன்று நான்கு மில்லிமீட்டர் என்றாள் அனுராதா. உள்பாதி நமக்கு, வெளிப்பாதி அவர்களுக்கு என்று பிரித்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். அது பெரிய முன்னுதாரணமாகிவிடும், நாளைக்கு இரைப்பைக்காரர்களும் பங்கு கேட்பார்கள் என்று இன்னொருவர் பயந்தார். ஒன்றே கால் மணி நேரம் பேசி, சுவரின் உரிமை குறித்து இயக்குநரகத்துக்குத் தெளிவுரை கேட்டுக் கடிதம் எழுதுவதென்று ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

மூலையில் நின்றிருந்த கோகிலாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க சாமி, பலா வேரு வெளிய இருந்து செவுத்தைப் பொளக்குதுங்க. நீங்க ஊட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, தரை நல்லா மொழுகியிருக்குதுன்னு சொல்றீங்க."

முருகானந்தம் மகிழ்ந்து போனார். "மலை மக்களிடம்தான் என்ன ஒரு சுத்த உணர்வு! வீட்டையும் மொழுகுகிறார்கள், குடலையும் மொழுகுகிறார்கள். குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், ராசாமணி."

ராசாமணி எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் ஒரு சின்னச் சிக்கலையும் சொன்னார். குழாய்ப் படத்துக்கு ஆயுள் முப்பது நாள். கூட்டமோ நாற்பத்தைந்தாம் நாள். இவ்வளவு நேரம் அவர்கள் விவாதித்தது காலாவதியான குடல். மறுபடி எடுத்தாக வேண்டும்.

இரண்டாவது தடவை முரளி யாரும் சொல்லாமலே அறுபத்தாறில் பஸ்ஸை நிறுத்தினான். படம் முன்னைவிடச் சுத்தமாக வந்தது. அதுவும் முப்பதாம் நாள் காலாவதியானது. மூன்றாவது தடவை மருந்தைக் குடித்தபோது பாதிதான் இறங்கியது. வயிறு உப்பிக்கொண்டது, வாந்தி வந்தது, பஸ் எந்த வளைவிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் தமிழ்செல்வனைப் பயமுறுத்தியது. அனுராதா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அடைப்பு ஆரம்பித்துவிட்டது என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தாள். ராசாமணி அதைப் பயபக்தியோடு வாங்கினார். இயக்குநரகத்திலிருந்து சுவர் பற்றிய பதில் வந்ததும் இதைத்தான் முதலில் எடுப்போம் என்றார்.

"அதுக்குள்ள எங்கூட்டுக்காரிக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்று கேட்டான் தமிழ்செல்வன். மூன்று மாதத்தில் அந்த அறையில் அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

"ஆயிடுச்சுன்னா அது அவசரப் பிரிவுக்குப் போயிடும். எங்க குழுவுக்கு வராது" என்றார் ராசாமணி. ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்த வாரம் குடல் நல விழா. மிகச் சுத்தமான குடலுக்கு முதல் பரிசு என்று குழு அறிவித்திருந்தது. போட்டிக்கு வேறு யாருடைய குடலும் அருகில் வர முடியவில்லை. கோகிலாவை ஜீப் அனுப்பி மலையிலிருந்து அழைத்து வந்தார்கள். எம்.ஆர்.ஐ.க்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவளும் ஏறிவிட்டாள். இரண்டு நாளாக அவள் வயிற்றிலிருந்து காற்றுக்கூடப் பிரியவில்லை. ஜீப்பில் இரண்டு முறை பச்சையாக வாந்தி எடுத்தாள்.

இறக்கிவிட்ட இடம் ஆஸ்பத்திரி வாசலில் போட்டிருந்த மேடை. பின்னால் அவளுடைய குடல் ரோஜா நிறத்தில் பளபளவென்று விரிந்திருந்தது. மேலே இரண்டு மூலைகளிலும் குத்துவிளக்குகள், கீழே கூப்பிய கைகளோடு முருகானந்தத்தின் படம்.

"இந்தச் சகோதரியைப் பாருங்கள்" என்று ஆரம்பித்தார் அவர். "மூன்று முறை அழைத்தோம். மூன்று முறையும் எழுபது வளைவு கடந்து, வெறும் வயிற்றோடு வந்தார். ஒருமுறையாவது ஏன் என்று கேட்டாரா? நகரத்து நோயாளிகள் வந்ததும் வராததுமாக, எனக்கு என்ன நோய், எப்போது குணமாகும் என்று நச்சரிக்கிறார்கள். நோய் இன்று வரும், நாளை போகும். படம்தான் நிற்கும்! இந்தக் குழு தொடங்கி ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு தவறான அறுவை சிகிச்சைகூட நடக்கவில்லை. ஏனென்றால் ஒரு அறுவை சிகிச்சைக்குக்கூட நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சால்வையைப் போர்த்தினார்கள். எவர்சில்வர் குடம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அந்த நொடியில்தான் கோகிலாவின் வயிற்றுக்குள் ஏதோ பிய்ந்தது. குடம் உருண்டது. அவள் இடுப்பு மடிந்து, முருகானந்தத்தின் கால்களுக்கு நேராகக் குப்புற விழுந்தாள்.

முருகானந்தம் நெகிழ்ந்துவிட்டார். "அடடா, எழுந்திரும்மா, எழுந்திரு. நல்லா இரு, தீர்க்காயுசா இரு" என்று தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பணிவு சபையை உலுக்கியது. இன்னொரு கோணத்தில் எடுக்க வேண்டும், அப்படியே இருக்கச் சொல்லுங்கள் என்றார் போட்டோகிராபர். தமிழ்செல்வன் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு மேடையேறி, சால்வையோடு அவளைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினான். பேனர் படபடத்துக்கொண்டிருந்தது.

அன்று அனுராதா எந்தப் படமும் இல்லாமல், குழுவின் எண் இல்லாமல், ஒரு குடல் அறுவை டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வயிற்றைத் திறந்தாள். மூன்று மாதம் முன்னால் என்றால் விரற்கடை அளவு எடுத்திருந்தால் போதும். இப்போது ஒரு சாண் போயிற்று. மிச்சக் குடலின் முனையை இடது வயிற்றில் வெளியே கொண்டுவந்து வைத்துத் தைத்து, அதன் மேல் ஒரு பை ஒட்டினார்கள். கோகிலா பிழைத்துக்கொண்டாள்.

"மூணு மாசம் போகட்டும்மா. உள்ள ஆறினதும் திரும்பச் சேர்த்துத் தைச்சுடலாம். இந்தப் பை நிரந்தரமில்லை" என்றாள் அனுராதா. மறுவாரம் அவளுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதற்கு மறுவாரம் கடலோரத்து ஊருக்கு மாற்றல் வந்தது.

வெட்டிய துண்டை ஒரு ஜாடியில் மருந்துத் தண்ணீரில் போட்டு, பரிசோதனைச் சாலையில் கொடுக்கச் சொல்லித் தமிழ்செல்வன் கையில் தந்திருந்தார்கள். எங்கும் அப்படித்தான், சொந்தக்காரர்தான் தூக்கிப் போக வேண்டும். குழுவின் எண் இல்லாத ஜாடியை வாங்க மாட்டோம் என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தூக்கி எறியவும் மனசு வரவில்லை. ஊட்டில் மிளகு டப்பாக்களுக்குப் பக்கத்தில், பரிசுக் குடத்துக்குள் அதை வைத்தான்.

மூன்று மாதம் கோகிலா வயிற்றில் பையோடு வாழ்ந்தாள். அது நினைத்த நேரத்தில் நிறைந்தது, நினைத்த இடத்தில் சத்தம் போட்டது. மகள் கூட்டாளிகளை ஊட்டுக்குக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "நான் ஒண்ணும் சொல்லலீம்மா" என்பாள், மூக்கைப் பிடிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு. அதைப் பார்ப்பதைவிடப் பழைய வலியே தேவலாம் என்று கோகிலாவுக்குத் தோன்றிய நாட்கள் உண்டு. நாட்களை எண்ணிக்கொண்டு, சேர்த்துத் தைக்கத் தேதி கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பதிலுக்குக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. முதல் அறுவை சிகிச்சை அனுமதியின்றி நடந்துள்ளது. அதற்குக் குழு பின்னேற்பு (நடந்தபின் தரும் ஒப்புதல்) வழங்காமல் இரண்டாவது சிகிச்சைக்குத் தேதி தர இயலாது. பின்னேற்புக்கு, அறுவைக்கு முன்னான குடலின் செல்லுபடியாகும் படம் ஒன்றைத் தாக்கல் செய்க.

கோகிலா கடிதத்தை மூன்று முறை படித்தாள். பிறகு பரிசுக் குடத்துக்குள் கையை விட்டாள்.

குழு கூடியிருந்தபோது அவள் மஞ்சப்பையோடு உள்ளே வந்தாள். முருகானந்தம் அடையாளம் கண்டு புன்னகைத்தார். அவள் புன்னகைக்கவில்லை. ஜாடியை எடுத்து மேசை நடுவில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆபரேசனுக்கு முன்னால இருந்த கொடலு கேட்டீங்களாமுங்க. இதுதானுங்க. என்னைப் பாக்க வேண்டாம், இதையாச்சும் வெளிப்பக்கம் நல்லாப் பாத்துப் படம் எடுத்துக்குங்க. எடுத்துட்டு இந்தப் பையை எப்ப அவுப்பீங்கன்னு சொல்லுங்க. எம்புள்ள பக்கத்துல உக்காந்து நான் சோறு திங்கோணும்."

ஜாடிக்குள் குடலின் வெளிப்புறத்தில், ஜாதிக்காய் அளவில், கறுத்து முடிச்சிட்ட அந்த நோய் அத்தனை பேருக்கும் நேராக நின்றது. கடைசிச் சீட்டு உறுப்பினருக்கும் அது தெரிந்தது. முருகானந்தம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஜாடியைக் கையில் எடுத்தார். மெதுவாகத் திருப்பினார், வெட்டிய வாய் தன் பக்கம் வரும்வரை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றதால் அந்தத் துவாரத்துக்குள் உற்றுப் பார்த்தார்.

"உள்ளே இன்னும் சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக ஜாடியை வாங்கிப் பார்த்து ஆமோதித்தார்கள். கோகிலாவின் வயிற்றுப் பை ஒரு சத்தம் போட்டது. எல்லோரும் நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ராசாமணி படிவத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"கடைசியாச் சாப்பிட்டது எப்போ?"

"யாருங்க, நானுங்களா?"

"இல்லம்மா. குடல்."

கோகிலா அவரையே பார்த்தாள். "மூணு மாசமாச்சுங்க."

"பேஷ்" என்று எழுதிக்கொண்டார் ராசாமணி. "அப்போ பேதி மருந்து வேண்டாம். ஆனா ஒரு சின்ன சிக்கல் இருக்கு. இன்னைக்குப் படம் எடுத்தா முப்பது நாள்தான் செல்லும், அடுத்த கூட்டம் நாற்பத்தைந்தாம் நாள். அதனால கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னாடி திரும்ப எடுத்துட்டு வாங்க." ஜாடியின் மூடியை இறுக்கி, முத்திரை குத்திய சீட்டு ஒன்றை ஒட்டி, பத்திரமாக அவள் கையில் கொடுத்தார். "அதுவரைக்கும் இதுக்கு எதுவும் சாப்பிடக் குடுத்துடாதீங்க."